மூன்று விலைப்புள்ளிகள்

சந்திரா கடைசியாகப் பேசியது ஒரு சம்பட மூடியைப் பற்றி.

அன்று பொன்சுடர் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழா. மத்தியானம் மகளிர் சத்துணவுச் சமையல் போட்டி. பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கம், திருவதிகையில் பிறந்தவள், வேறு என்ன வைப்பாள்? பலாக்கொட்டைக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனாள். கண்ணையன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஜெனரல் ஷிப்ட் முடித்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது அவள் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பரிசு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பரிசு கிடைத்தால்கூட வராத ஒரு சந்தோஷமும் அதே முகத்தில் இருந்தது.

"பலாக்கொட்ட சத்துணவுல சேராதாம். நடுவரா வந்த அம்மா சொல்லுது. நான் வுடுவனா? மைக்க வாங்கிக்கினு கேட்டன் பாருங்க. கடைசியா ஒண்ணு சொன்னன், ஹாலே சிரிச்சிடுச்சு. அந்தம்மாவுக்கே சிரிப்பு தாங்கல."

"அப்படி என்னா சொன்ன?"

"ஒடம்பு அசதியா இருக்குது. நாளைக்கிச் சொல்றன். இப்ப சொன்னா பாதி கேட்டுக்கினே தூங்கிடுவீங்க." வெங்காயத் தோலை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்தாள். "குழம்பு கொண்டுபோன சம்படத்துக்கு மூடிய அங்கியே வுட்டுட்டு வந்துட்டன். காலையில போயி வாங்கிக்கினு வந்துடுங்க. மறந்துடாதீங்க."

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். கண்ணையன் தலையாட்டினார். சொன்ன டாக்டர் அவருக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னார். அவர் இன்னொரு முறை தலையாட்டினார்.

காரியம் முடிந்த வாரம் மன்றத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவிப்பு. அதே ஹாலை அடுத்து கேரம் போட்டிக்கு ஒதுக்கியிருந்தபடியால் அது ஒருமனதாக ஒரு நிமிடமாகக் குறைக்கப்பட்டது. செயலாளர் கொளஞ்சிநாதன் பேசினார். கல்யாண வீட்டில் பேசினாலும் சாவு வீட்டில் பேசினாலும் தீர்மானம் படிக்கிற குரல் அவருக்கு.

"சந்திரா அம்மையார் மறைவு இம்மன்றத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதை ஈடுசெய்யும் பொருட்டு மகளிர் பிரிவில் ஏற்பட்டுள்ள காலியிடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் மனுச் செய்யலாம் என்பதைத் துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கண்ணையன் எழுந்து கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே விஷயத்தைக் கேட்டார். போட்டியன்று சந்திரா கடைசியாக என்ன சொன்னாள்? சிரித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததைச் சொன்னார். இன்னொருவர் புரையேறியதைச் சொன்னார். எதற்குச் சிரித்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. நடுவராக இருந்த கிருஷ்ணப்ரியா நெற்றியைத் தேய்த்து யோசித்தார்.

"ரொம்ப நல்லா சொன்னாங்க சார். பலாக்கொட்டைன்னு ஆரம்பிச்சு, அப்புறம் என்னமோ... ஐயோ, நாக்குலயே நிக்குது." பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். கண்ணையன் உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மன்றத்து அட்டெண்டர் தனகோட்டிதான் வழி சொன்னார். "ஏண்ணே ஊரெல்லாம் கேட்டுக்கினு கெடக்குற? வெழா பூரா செக்ரட்டரி ரூம் பொட்டியில பதிஞ்சிருக்குமே."

அந்தப் பெட்டிக்கு டி.வி.டி. ரெக்கார்டர் என்று பெயர். ஹாலில் ஸ்டாண்டில் நிற்கும் கேமராவிலிருந்து ஒரு வயர் அதற்குள் போகும். டிஸ்க் எதுவும் போடாமலே தன் வயிற்றுக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் நாள்கணக்கில் பதிந்து வைத்துக்கொள்ளும். தேவையானபோது அதிலிருந்து டி.வி.டி.யில் இறக்கிக்கொள்ளலாம். மன்றம் இதுவரை இறக்கிக்கொண்டதில்லை. வெற்று டி.வி.டி. வாங்கும் தீர்மானம் பெட்டி வாங்கிய வருஷத்திலிருந்தே ஒத்திவைப்பில் இருந்தது.

சந்திராவின் குரல் வேறெங்கும் இல்லை. அவர்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அதில் குரல் போகும், வரும், தங்காது.

கண்ணையன் மன்றத்துக்குப் போனார். பெட்டி செத்திருந்தது. எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆண்டு விழாவுக்கு மட்டும்தான் அதைத் தொடுவார்கள். பஜாரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளம்பரிதியை அழைத்து வந்தார். அவன் திறந்து பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

"மன்றத்து வயரிங்ல கரண்ட் ஏறி போர்டு வெந்துபோச்சுங்க. நல்லவேள, ஹார்ட் டிஸ்க்கு பொழச்சிக்கிச்சு. ஆனா இது பேசணும்னா இதே கம்பெனி, இதே மாடல் பொட்டி வேணும். கம்ப்யூட்டர்ல சொருவுனா ஒண்ணும் காட்டாது. வேற மாடல்ல மாட்டுனா, அழிச்சுடட்டுமான்னுதான் மொதல்ல கேக்கும்."

"இதே மாடல் கெடைக்குமா தம்பி?"

"கடைங்களுக்கு இப்ப வர்றதில்லிங்க. தேடணும்."

கொளஞ்சிநாதன் இடைமறித்தார். வயரிங் காரணம் என்பதைத் தீர்மானத்தில் ஏற்க முடியாது என்றார். "நாட்டுக்கே வெளிச்சம் குடுக்கற ஊருங்க இது. இங்க கரண்டால ஒரு மெஷின் செத்துச்சுன்னு எழுதுனா நாளைக்கு எவன் பதில் சொல்றது?" எனவே இயந்திரம் முதுமை காரணமாக இயற்கை எய்தியதாக எழுதப்பட்டது. சந்திராவின் இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது வந்தது.

அறையை விட்டு வெளியே வரும்போதுதான் கண்ணையன் மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைப் பார்த்தார். பானையின் மேல் சந்திராவின் சம்பட மூடி இருந்தது. எவர்சில்வர் மூடி, விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும்.

"பழைய மூடி ஒடஞ்சிபோச்சுண்ணே" என்றார் தனகோட்டி சங்கடத்துடன். "இது அளவா இருந்துச்சு. ஸ்டாக்குலயும் ஏத்திட்டாங்க."

கண்ணையன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கனிவாகவே பதில் சொன்னார். "தாராளமா குடுத்துடலாங்க. விட்டுப்போன பொருளுக்கு உரியவர் நேர்ல வந்து கையெழுத்து போட்டாப் போதும்."

"அவ இல்லிங்களே."

"அதாங்க சிக்கலே."

கண்ணையன் தன் சொந்தச் செலவில் அதே மாடல் பெட்டி வாங்கிக்கொள்வதாகவும், ஹார்ட் டிஸ்கை ஒரே ஒரு நாள் இரவல் கொடுத்தால் போதும் என்றும் எழுதிக் கொடுத்தார். மன்றச் சொத்தின் உறுப்பைத் தனியாருக்கு இரவல் தர விதியில்லை. மன்றமே புதுப் பெட்டி வாங்கினால், அதில் பழைய டிஸ்கை மாட்டுவதற்கு விதி குறுக்கே நிற்காது. ஆகவே கொள்முதல் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் கண்ணையன் அதில் உறுப்பினரானார். பொருளில் சொந்த விருப்பம் உள்ளவர் என்ற முறையில் கூட்டங்களில் அவர் பேசக்கூடாது என்று முடிவாயிற்று. உறுப்பினர் என்ற முறையில் வராமலும் இருக்கக்கூடாது.

தொழில்நுட்பப் பொறுப்பு சிங்காரவேலுக்கு. கட்டடப் பராமரிப்பில் ஓய்வு பெற்றவர். டவுன்ஷிப்பில் ஒருவர் காலி செய்த குவார்ட்டர்ஸை அடுத்தவருக்குக் கொடுக்குமுன் ஆணி பிடுங்கி, ஓட்டை அடைத்து, வெள்ளை அடித்து ஒப்படைப்பது வழக்கம். அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவர் அவர். கண்ணையன் கல்யாணமான புதிதில் குடிவந்தபோது சாவி கொடுத்தவரும் அவர்தான். இதற்கு முன் யாருமே இருந்திராத வீடு மாதிரி இருக்கிறது என்று சந்திரா அன்று அவரிடம் சொன்னாள். அந்தப் பாராட்டை அவர் மறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தபோதும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

விதிப்படி மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். துணைக்குழு ஒரு வேனில் புறப்பட்டது. முதலில் கடலூர். கடைக்காரர் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார், என்ன வேண்டும் என்று கேட்டார். கொளஞ்சிநாதன் சொன்னார்.

"ஹார்ட் டிஸ்க்கோட டி.வி.டி. ரெக்கார்டருங்களா?" கடைக்காரர் டீ சொன்னதற்கு வருத்தப்பட்டவர் போலத் தெரிந்தது. "அதெல்லாம் வந்து நின்னு வருஷமாச்சிங்களே. இப்ப டி.வி.யிலயே பென் டிரைவ் சொருவிப் பதிஞ்சிக்கறாங்க. அப்படி ஒரு டி.வி. காட்டட்டுங்களா?"

"எங்களுக்குத் தீர்மானம் ரெக்கார்டருக்குத்தாங்க. நீங்க விலைப்புள்ளி மட்டும் குடுங்க."

"இல்லாத சாமானுக்கு என்னாங்க வெல போடறது?"

"இல்லன்னு போட எங்க படிவத்துல எடமில்ல. விலைன்னுதான் கட்டம் இருக்கு."

"அப்ப சைபர்னு போட்டுக்கறன். ஆள வுடுங்க சாமி."

சைபர் என்று போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். விற்பனைப் பெண் டி.வி.டி. பிளேயர் ஒன்றை எடுத்து வைத்து, இது பார்க்க மட்டும்தான், பதியாது என்றாள். சிங்காரவேல் அதைச் சுவரைத் தட்டுவது போல விரல் முட்டியால் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

"உள்ள வெத்தா இருக்குதேம்மா."

"ஆமா சார். டிஸ்க் போட்டாதான் படம் வரும்."

"எத்தன வருஷத்துக்கு ஒருக்கா பெயின்ட் அடிக்கணும்?"

அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் பிளேயருக்கு விலைப்புள்ளி கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பினார். அங்கே மதியச் சாப்பாடும் கடற்கரையும் முடிந்தன. அவை அறிக்கையில் கள ஆய்வு என்று வந்தன. திரும்பும் வழியில் பண்ருட்டியில் ஒரு பாத்திரக் கடையில் வேனை நிறுத்தினார்கள். மூன்றாவது விலைப்புள்ளி வேண்டியிருந்தது, இருட்டவும் ஆரம்பித்திருந்தது. பாத்திரக் கடைக்காரர் மிக்சிக்குக் கொடுத்தார்.

ஒப்பீட்டுக் கூட்டத்தில் மூன்று தாள்களும் மேஜையில் வைக்கப்பட்டன. மிக்சி, பிளேயர், சைபர். விதிப்படி குறைந்த விலைக்குத்தான் ஆர்டர். எனவே ரெக்கார்டர் இல்லை என்று சொன்ன கடலூர்க் கடைக்கு ரெக்கார்டர் ஒன்று அனுப்பும்படி ஆர்டர் போயிற்று. கண்ணையன் வாயைத் திறந்தார். பேசக்கூடாத உறுப்பினர் என்பது அவருக்கு நினைவூட்டப்பட்டது.

கொளஞ்சிநாதன் முடிவுரை சொன்னார். "எத்தனையோ மன்றங்கள்ல வேண்டிய கடையில, வேண்டிய வெலைக்கி வாங்கறாங்க. நம்ம கொள்முதல்ல ஒத்த ரூவாகூட யாரும் தின்ன முடியாது. ஏன்னா இதுல ரூவாயே இல்ல. மனசாட்சியத் தொட்டுச் சொல்றன், இந்த மன்றம் தொடங்குனதுலேருந்து பொருள் வராம போயிருக்கலாம், முறை தவறிப் போனது கெடையாது."

கைதட்டினார்கள். கண்ணையனும் தட்டினார். கை தட்டுவது பேச்சில் சேராது.

பொருள் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் போயிற்று. பிறகு எச்சரிக்கைக் கடிதம். தாமதத்துக்கு அபராதமாக விலையில் பத்து சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தபோது கடலூர்க் கடைக்காரர் மன்றத்துக்குப் போன் செய்தார். என்ன சொன்னார் என்பது எழுதப்படவில்லை.

அதற்குள் மழைக்காலம் வந்து போயிற்று. கண்ணையன் வேலைக்குப் போனார், வந்தார், சமைக்கக் கற்றுக்கொண்டார். குழம்பு வைத்தால் சம்படத்தில் ஊற்றித் தட்டால் கவிழ்த்து மூடினார். சில சமயம், பலாக்கொட்டை என்று ஆரம்பித்து ஹாலே சிரிக்கும்படி என்ன சொல்லியிருக்கலாம் என்று தானே யோசித்துப் பார்ப்பார். அவருக்கு ஒன்றும் தோன்றாது. அவருக்கு எப்போதுமே அப்படித் தோன்றியதில்லை. அந்த வீட்டில் அது அவள் வேலை.

பெட்டியைக் கண்டுபிடித்தது இளம்பரிதி. மேல்பட்டாம்பாக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் அதே கம்பெனி, அதே மாடல் இருந்தது. இருவரும் பைக்கில் போனார்கள். அவர் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, கரண்ட் கொடுத்துக் காட்டினார். முன்பக்கம் பச்சையாக எழுத்து ஓடியது. கண்ணையன் அவர் கேட்டதைக் கொடுத்தார். திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எம்மேல கொஞ்சம் சாஞ்சிக்கினு வாங்க. ஸ்பீடு பிரேக்கர்ல வுழுந்துடப் போறீங்க."

"பொட்டி வுழாது, நீ ஓட்டு."

பழைய பெட்டியை மன்றம் விதிப்படி வாங்க முடியாது. ஆனால் அன்பளிப்பாக வந்தால் ஏற்கலாம். கண்ணையன் அன்பளிப்பாகக் கொடுத்தார். சிங்காரவேல் அன்று வரவில்லை; துணைக்குழுவின் மற்றவர்கள் முன்னிலையில் இளம்பரிதி செத்த பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றி இதில் மாட்டினான். டி.வி.யில் பதிவுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு படம். கடைசிப் படத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி இடது கையில் மைக் பிடித்திருந்தாள். சந்திரா இடது கைப் பழக்கமுள்ளவள்.

"அதப் போடு தம்பி" என்றார் கண்ணையன்.

கொளஞ்சிநாதன் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "கண்ணையன், தப்பா எடுத்துக்காதீங்க. தொடக்க விழா நடக்காம ஒரு பொருளப் பயன்படுத்தக் கூடாது. ஞாயித்துக்கெழம சிறப்பு விருந்தினர் பட்டன அமுக்கட்டும். மொதல் காட்சியே உங்க வீட்டம்மா பேச்சுதான். இதவிட ஒரு மரியாத இருக்கா, சொல்லுங்க."

பெட்டி அணைக்கப்பட்டு, செயலாளர் அறையில் பூட்டப்பட்டது. சாவி தொழில்நுட்பப் பொறுப்பாளர் சிங்காரவேலிடம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். கிருஷ்ணப்ரியாவும் வந்திருந்தார். "எனக்கும் தெரிஞ்சுக்கணும் சார், அன்னையிலிருந்து மண்டையக் கொடையுது" என்றார். பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் 'அன்பளிப்பு' என்று பெயின்டில் எழுதியிருந்தது, யாருடையது என்று எழுத இடம் போதவில்லை. சிறப்பு விருந்தினர் பட்டனை அமுக்கினார். முன்பக்கம் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. டி.வி.யில் ஹாலே தெரிந்தது. மேடை தெரிந்தது, மேடையில் பட்டனை அமுக்கியபடி நிற்கும் சிறப்பு விருந்தினர் தெரிந்தார். எல்லோரும் தங்களைப் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

பின்வரிசையில் நின்ற இளம்பரிதி கத்தினான். "சார், அது ரெக்கார்டு ஆவுது! உள்ள இருந்ததப் போடுங்க!"

சிங்காரவேல் மைக்கை வாங்கினார். முகம் பூரித்திருந்தது. அவர் மேடையில் பேசுவது அதுவே முதல் முறை.

"தம்பி கேக்குது, உள்ள இருந்தது எங்கன்னு. நாப்பது வருஷம் குவார்ட்டர்ஸ் ஒப்படைச்சவன் நான். பழைய குடித்தனக்காரன் தட்டுமுட்டோட எவனுக்காச்சும் சாவி குடுத்திருப்பனா? அன்பளிப்பா வந்த பொருளு. எவன் எவன் என்னென்ன பதிஞ்சு வச்சிருந்தானோ. காலையிலயே வந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டன். கடைசியா, மொத்தமா சுத்தம் பண்ணட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டன். இப்ப பாருங்க, இதுக்கு முன்னால யாருமே இருந்திராத வூடு மாதிரி இருக்குது." முன்வரிசையைப் பார்த்து அவர் கைகூப்பினார். "இது நான் சொல்றதில்ல. சந்திரா தங்கச்சி சொன்னது."

ஹால் கைதட்டியது. கிருஷ்ணப்ரியா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இளம்பரிதி குனிந்தபடி முன்வரிசைக்கு வந்து கண்ணையன் காதருகே பேசினான். "அண்ணே, அழிச்சது மட்டும்னா மெட்ராஸ்ல யாரையாச்சும் புடிச்சுப் பாக்கலாம். இப்ப அண்ணி பேச்சு இருந்த எடத்து மேலயே இத எழுதிக்கினு இருக்குது. நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

கண்ணையன் எழுந்து மேடைக்குப் போனார். அவர் ஏறியதைப் பார்த்ததும் சிறப்பு விருந்தினர் தயாராக வைத்திருந்த சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். புகைப்படம் எடுக்கத் திருப்பி நிறுத்தினார்கள். அவர் ஏதோ சொன்னார். கொளஞ்சிநாதன் ஏற்புரை விழாவின் இறுதியில்தான் என்று காதோடு சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். பெரிய பேச்சு அது. சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

"...ஆகவே அன்பர்களே, மனிதன் மறப்பான். இந்த இயந்திரம் மறக்காது. இனி இந்த மேடையில் யார் பேசிய ஒரு சொல்லும் காற்றோடு போகாது என்று இம்மன்றம் உறுதியளிக்கிறது."

அது நன்றாகப் பதிந்தது. இப்போதும் ஆண்டு விழாவில் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.

விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேல் வந்து கண்ணையனின் கையைப் பிடித்துக்கொண்டு, திருப்தியா என்று கேட்டார். கண்ணையன் தலையாட்டினார். சால்வை கழுத்தில் உறுத்தியது, தொண்டை வறண்டிருந்தது. செயலாளர் அறைக்குள் போனார். தனகோட்டி தம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

கண்ணையன் மூடியை எடுத்தார். தண்ணீர் மொண்டு குடித்தார். இன்னொரு தம்ளர் மொண்டு குடித்தார். மூடியைத் திரும்ப வைத்தார்.

விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. தி. சந்திரா. பானைக்கு அந்த மூடி அளவாகத்தான் இருந்தது.